கொக்கியும் எண்ணெயும்: விதைப்பானுக்குப் பின்னால் ஒரு வரலாறு

1938ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டின் ஃபேர் லேன் பண்ணை. கடல் கடந்து ஒரு சிறிய டிராக்டரைக் கொண்டுவந்திருந்த ஹாரி ஃபெர்குசன், அதைக் கொண்டு உழுது காட்டினார். பிறகு வயலிலேயே ஒரு மேசை போடப்பட்டது. சுருள்வில்லால் ஓடும் ஒரு சிறு மாதிரியை மேசைமேல் வைத்துத் தம் அமைப்பின் சூட்சுமத்தை ஃபெர்குசன் விளக்க, ஃபோர்டு கேட்டுக்கொண்டார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர். வழக்கறிஞர் இல்லை, பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை.

உழவு இயந்திரங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அனைவரும் இந்தக் காட்சியில் சற்றே நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குகிறோம். எனினும் நம் அக்கறை அந்த இரு மனிதர்களின் நட்பிலோ, பின்னர் விளைந்த பகையிலோ இல்லை. டிராக்டரும் அதன் பின்னால் வரும் கருவியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தத்தைப் பார்த்துக்கொடுப்பது யார் பொறுப்பு, பொருத்தம் தவறினால் நட்டம் யாருக்கு என்பதே நம் கேள்வி. இதற்குக் கலப்பையைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு. அது வரிசை விதைப்பான். கலப்பை பிழைத்தால் அன்றே தெரியும், மறுபடி உழலாம். விதைப்பான் பிழைத்தது பத்து நாள் கழித்து முளைப்பில்தான் தெரியும், அதற்குள் பருவம் நகர்ந்திருக்கும்.

ஃபெர்குசன் 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று, தாமே கட்டிய விமானத்தில் ஏறி, அயர்லாந்து மண்ணில் முதன்முதலாகப் பறந்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. முதல் உலகப் போரின்போது உணவு விளைச்சலைப் பெருக்க வேண்டியிருந்தது. டிராக்டர்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஊர் ஊராய்ப் பார்த்துவரும் பணியை 1917இல் ஐரிஷ் வேளாண் துறை அவரிடம் ஒப்படைத்தது. அப்போது அவர் கண்டது எளிய ஓர் உண்மை. குதிரையை அவிழ்த்துவிட்டு, அது நின்ற இடத்தில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். கலப்பை பழைய கலப்பை, சங்கிலி பழைய சங்கிலி. அதே 1917இல் வெளிவந்த ஃபோர்ட்ஸன் டிராக்டரில் இந்த அரைகுறைப் பொருத்தம் உயிரையே பறித்தது. மண்ணுக்குள் இருக்கும் பாறையிலோ வேரிலோ கொழு மாட்டிக்கொண்டால் கலப்பை நின்றுவிடும், பின்சக்கரமோ சுழலத் துடிக்கும். அப்போது டிராக்டரின் முன்பகுதி மேலெழுந்து, ஓட்டுபவர்மீதே மல்லாந்து விழும். இப்படி மாண்டவர்கள் பலர்.

ஃபெர்குசன் கண்ட தீர்வை மூன்று புள்ளி இணைப்பு என்கிறோம். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. கலப்பையை மண் பின்னுக்கு இழுக்கும்போது கீழ்க்கைகள் இழுபடுகின்றன, மேல்கையோ முன்னோக்கி அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் டிராக்டரின் முன்சக்கரங்களைத் தரையில் பதிய வைக்கிறது. எந்த விசை முன்பு ஓட்டுநரைக் கொன்றதோ அதே விசை இப்போது டிராக்டரை நிலத்தில் நிறுத்தியது. அதற்கும் மேலே ஒரு படி சென்றார். மேல்கையில் விழும் அழுத்தத்தை ஒரு சுருள்வில் உணர்ந்து, எண்ணெய்க் குழாயின் அடைப்பிதழுக்குச் செய்தி சொல்லும். மண் கடினமானால் எண்ணெய் கருவியை ஒரு மயிரிழை தூக்கும், இளகினால் இறக்கும். 1926இல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. நம் ஊர் டிராக்டர் விளம்பரங்களில் 'ஏ.டி.டி.சி.' என்று பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்களே, அதன் மூலம் இதுதான்.

ஃபெர்குசனின் மேதைமை மூன்று கைகளில் இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். டிராக்டர் ஒன்று, கருவி வேறு என்ற பிரிவையே அவர் ஏற்கவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே இயந்திரம் என்றார். எத்தனை பளுவைத் தூக்க எத்தனை எண்ணெய் வேண்டும், கருவி எவ்வளவு அகலம் இருக்கலாம் என்ற கணக்கையெல்லாம் அவரே போட்டு முடித்துவிட்டார். 1939 ஜூனில் ஃபோர்டு 9என் என்ற பெயரில் அந்த டிராக்டர் 585 டாலருக்கு வெளிவந்தது. அதற்கேற்ற கருவிகளும் கூடவே வந்தன. உழவர் செய்ய வேண்டியது மூன்று முனைகளை மாட்டி, பூட்டூசிகளைச் செருகுவது மட்டுமே. பொருத்தம் பார்க்கும் கவலை அவருக்கு இல்லை.

ஆனால் அந்தக் கவலையின்மைக்கு ஒரு விலை இருந்தது. அந்த டிராக்டரை வாங்கியவர் அந்தக் குடும்பத்துக் கருவிகளையே வாங்கியாக வேண்டும். ஒப்பந்தம் எழுதப்படாததன் விளைவும் விரைவில் தெரிந்தது. முதல் ஃபோர்டு மறைந்த 1947ஆம் ஆண்டிலேயே பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு ஃபெர்குசனோடு இருந்த உறவை முறித்துக்கொண்டு, அதே அமைப்புடன் 8என் டிராக்டரைத் தனியே விற்கத் தொடங்கினார். 1948இல் ஃபெர்குசன் 25 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 1952இல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு அது சமரசமாக முடிந்தது. இதற்கிடையே அவருடைய சாம்பல் நிற டி.இ.20 டிராக்டர் 1946 முதல் இங்கிலாந்தின் காவென்ட்ரியில் உருவாகிவந்தது. அவ்வகையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென்துருவத்தை அடைந்தது அவற்றில் சிலவற்றை ஓட்டிக்கொண்டுதான். 1953இல் ஃபெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. அந்த மாஸி ஃபெர்குசன் கிளையின் விழுதொன்று 1960இல் சென்னையில் 'டாஃபே'யாக இறங்கியது. தமிழ்நாட்டு உழவர்களுக்கு அயர்லாந்துக்காரர் ஒருவரின் குடும்பப் பெயர் பழகிப்போனது இந்த வழியில்தான்.

காப்புரிமை வேலியாக நின்ற காலத்தில் மற்ற நிறுவனங்கள் என்ன செய்தன? ஆளுக்கொரு கொக்கியைக் கண்டுபிடித்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருக்கு 'ஃபாஸ்ட் ஹிட்ச்', கேஸுக்கு 'ஈகிள் ஹிட்ச்', அல்லிஸ்-சால்மர்ஸுக்கு 'ஸ்நாப் கப்ளர்'. ஒரு நிறுவனத்தின் டிராக்டரில் இன்னொன்றின் கருவி மாட்டாது. சிவப்பை வாங்கியவர் சிவப்போடு, ஆரஞ்சை வாங்கியவர் ஆரஞ்சோடு. பக்கத்து வீட்டுக்காரரிடம் கருவியை இரவல் வாங்குவது என்கிற, உழவுத்தொழில் தோன்றிய நாள் முதல் இருந்துவரும் வழக்கம்கூட நிறம் பார்த்தே நடக்க வேண்டியதாயிற்று. 1959இல் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் மூன்று புள்ளி இணைப்புக்குப் பொது அளவுகளை வகுத்தது. முள்ளின் தடிமன், கைகளுக்கிடையே இடைவெளி எல்லாம் ஒன்றாயின. கொக்கி பொதுவாயிற்று. எண்ணெய் பொதுவாகவில்லை. கதை திசைமாறும் இடம் இதுதான்.

இனி விதைப்பானுக்கு வருவோம். 1853இல் இல்லினாயைச் சேர்ந்த ஜார்ஜ் பிரௌன் இரட்டை வரிசை மக்காச்சோள விதைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரைகள் இழுக்க, மேலே அமர்ந்திருப்பவர் நெம்பை ஆட்டி ஆட்டி விதையை விழச்செய்வார். பின்னர் முடிச்சிட்ட கம்பி வந்தது. வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு முடிச்சும் விதைப்பானைத் தட்ட, ஒவ்வொரு தட்டுக்கும் விதை விழும். சதுரங்கப் பலகைபோல் பயிர் நிற்கும், நெடுக்கும் குறுக்குமாகக் களையெடுக்கலாம். வரிசைகளுக்கு இடையே நாற்பது அங்குலம் விட்டதும் குதிரை நடக்க வேண்டும் என்பதற்காகவே. குதிரை போய்ப் பல்லாண்டுகள் ஆன பிறகும் அதன் இடுப்பகலம் வயலில் எஞ்சியிருந்தது. களைக்கொல்லிகள் பரவிய பின்னரே வரிசை முப்பது அங்குலமாகச் சுருங்கியது.

இந்த விதைப்பான்களுக்கு எண்ணெய் வேண்டியிருக்கவில்லை. விதையை எண்ணிப் போடும் தட்டைத் தரைச்சக்கரமே சங்கிலிவழி சுழற்றியது. டிராக்டரிடம் அவை கேட்டதெல்லாம் இழுவையும், வயலோரத்தில் திரும்பும்போது ஒரு தூக்கும் மட்டுமே. இரண்டு வரிசை, நான்கு வரிசைவரை மூன்று புள்ளிக் கைகள் தாங்கின. ஆறு, எட்டு என்று ஏறியபோது வேறு இடர் எழுந்தது. விதையும் உரமும் நிறைந்த பெட்டிகள் பின்சக்கரத்துக்கு வெகு பின்னே தொங்கும்போது, பளுவைவிட அது தொங்கும் தூரமே பெரும் பகை. ஃபெர்குசன் எந்த முன்சக்கரங்களைத் தரையில் பதித்தாரோ அவை மறுபடி எழும்பப் பார்த்தன. டிராக்டரின் விவரத்தாளில் காணும் தூக்குதிறன் பெரும்பாலும் கீழ்க்கைகளின் நுனியில் அளந்தது. நீளமான கருவியின் பளுமையம் அந்நுனிக்கும் பின்னே இருப்பதால், தாளில் கண்ட எண் வயலில் கிடைக்காது. நம் பகுதியில் சிறிய டிராக்டரில் விதைப்பானை மாட்டிவிட்டு முன்னால் இரும்புப் பளுக்கட்டிகளைக் கோப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டதில்லை, முதுகெலும்பால் உணர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே பெரிய விதைப்பான்கள் தத்தம் சக்கரங்களில் நிற்கத் தொடங்கின. தூக்குவதும் மடக்குவதும் அவற்றிலேயே பொருத்திய எண்ணெய் உருளைகளின் வேலையாயிற்று. டிராக்டரிலிருந்து இரண்டு குழாய்கள் போனால் போதும். 1975இல் அயோவாவின் கின்ஸி நிறுவனம் பின்னோக்கி மடங்கும் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகு, அகன்ற விதைப்பான்கள் சாலையிலும் வாயிற்கதவுகளிலும் புகுந்து வர முடிந்தது. அகலத்துக்கு இருந்த தடை நீங்கியது. 2009இல் ஜான் டியர் காட்டிய டி.பி.120 விதைப்பான் 48 வரிசை, 120 அடி அகலம்.

இதுவரையிலும் எண்ணெய் தூக்கியது, இறக்கியது, பிறகு ஓய்ந்தது. அதன் ஓய்வைப் பறித்தது காற்று. 1971இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 'சைக்ளோ' என்ற விதைப்பானை வெளியிட்டது. நடுவே துளைகளுள்ள ஓர் உருளை, அதனுள் காற்றழுத்தம். துளைக்கு ஒன்றாக விதைகள் ஒட்டிக்கொண்டு மேலேறி, பின் குழாய்வழியே வரிசைகளுக்கு ஊதப்படும். வேறு நிறுவனங்கள் காற்றை ஊதாமல் உறிஞ்சின. துளையுள்ள வட்டத்தட்டின் பின்புறம் காற்றை உறிஞ்ச, முன்புறம் துளைக்கொரு விதை ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சல் குறைந்தால் விதை நழுவி இடைவெளி விழும், மிகுந்தால் ஒரு துளைக்கு இரண்டு விதை ஏறும். உறிஞ்சல் விசிறியின் வேகத்தைப் பொறுத்தது, விசிறியின் வேகம் எண்ணெய் ஓட்டத்தைப் பொறுத்தது. (சிறிய விதைப்பான்களில் விசிறியை பி.டி.ஓ. தண்டே நேராகச் சுழற்றிவிடுகிறது. நம் பக்கத்தில் காண்பவை அநேகமாக அந்த வகைதான்.) ஒரு பயிருக்கும் இன்னொன்றுக்கும் இடையே எத்தனை அங்குலம் என்பதைத் தீர்மானிப்பது இப்போது டிராக்டரின் வயிற்றுக்குள் இருக்கும் எண்ணெய்ப் பம்பு!

இதன் தீவிரத்தை ஒரு சிறு கணக்கால் சொல்லலாம். முப்பது அங்குல வரிசையில் ஏக்கருக்கு 32,000 விதை என்றால் ஏறத்தாழ ஆறரை அங்குலத்துக்கு ஒன்று. டிராக்டர் மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் போனால் நொடிக்கு 88 அங்குலம் கடக்கும். ஒவ்வொரு வரிசையிலும் நொடிக்குப் பதின்மூன்றுக்கும் மேற்பட்ட விதைகள் விழுந்தாக வேண்டும். பதினாறு வரிசை விதைப்பானில் விசிறி இரண்டே நொடி சோர்ந்தாலும் பதினைந்து அடி நீளத்துக்குப் பதினாறு வரிசைகளும் பழுதாகலாம். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தாலும் மண் மூடியிருக்கும்.

விசிறி ஏன் சோர வேண்டும்? எண்ணெயின் இயல்பு அப்படி. ஓட்டம் வேகத்தைத் தரும், அழுத்தம் பலத்தைத் தரும். இரண்டையும் பெருக்கினால் திறன். நிமிடத்துக்கு 40 லிட்டர் எண்ணெய் 150 பார் அழுத்தத்தில் ஓடினால் அது பத்து கிலோவாட், அதாவது பதின்மூன்று குதிரைத்திறனுக்குச் சற்று மேல். ஆக, ஃபோர்டு 9என் டிராக்டரின் எஞ்சின் திறனில் பாதியளவு ஒரு விசிறிக்கே போய்விடும். உறிஞ்சு விசிறிக்கு 40 லிட்டர், நடுப்பெட்டியிலிருந்து விதையை ஊதி அனுப்பும் விசிறிக்கு 30, விதைத்தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 20, வரிசைகளை மண்ணில் அழுத்திப் பிடிக்க 20 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் நிமிடத்துக்கு 110 லிட்டர். விவரத்தாளில் டிராக்டர் 110 லிட்டர் தரும் என்று எழுதியிருந்தால் சரியாய்ப் போயிற்று என்று நினைப்போம். இல்லை. அந்த எண் எஞ்சின் முழுவேகத்தில் ஓடும்போது கிடைப்பது. ஓட்டத்தின் உச்சமும் அழுத்தத்தின் உச்சமும் ஒரே நேரத்தில் கிடைப்பதும் இல்லை. போதாக்குறைக்கு, வயல் ஓரத்தில் திரும்பும்போது ஓட்டுநர் எஞ்சின் வேகத்தைக் குறைப்பார், அதே கணத்தில் கோடு போடும் கையையும் சட்டத்தையும் தூக்குவார். எண்ணெய் எளிய வழியைத் தேடி அங்கே ஓடும், விசிறி தளரும். மறுபடி இறக்கி விதைக்கத் தொடங்கும் முதல் சில அடிகளில் விதை இராது.

பம்பின் வகையும் ஒன்றல்ல. பழைய டிராக்டர்களில் பம்பு ஓயாமல் எண்ணெயைச் சுற்றிக்கொண்டேயிருக்கும், வேண்டியவர் வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத் திறந்த மைய அமைப்பு என்பர். 1960 ஆகஸ்டு 30 அன்று டல்லஸ் நகரில் ஜான் டியர் காட்டிய புதிய டிராக்டர்கள் மூடிய மைய அமைப்போடு வந்தன. அங்கே எண்ணெய் அழுத்தத்தோடு காத்துநிற்கும், கேட்டபோது கேட்ட அளவு பாயும். அதன்பின் வந்த அமைப்புகள் கருவியின் தேவையை உணர்ந்து அழுத்தத்தையே மாற்றிக்கொள்கின்றன. ஓர் அமைப்புக்கென்று செய்த விதைப்பானை மற்றதில் அப்படியே மாட்டினால் எண்ணெய் கொதிக்கும், இல்லையேல் பட்டினி கிடக்கும். விசிறி மோட்டாரிலிருந்து திரும்பும் எண்ணெய் தடையின்றித் தொட்டியைச் சேர வேண்டும், கசிவு எண்ணெய்க்குத் தனியாக ஒரு மெல்லிய குழாய் வேண்டும். இதை அறியாமல் திரும்பு குழாயை வழக்கமான இணைப்பில் செருகியவர்களின் மோட்டார் முத்திரை வளையங்கள் பிய்ந்து போயின. வேகமாகச் சுழலும் விசிறியை, நெம்பை நடுநிலைக்குத் தள்ளிச் சட்டென்று நிறுத்தினாலும் அதே கதிதான்.

பொருத்தம் பார்க்கும் வேலை எவ்வளவு சத்தமின்றி உழவரின் தலைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதை இங்கே நோக்க வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற உழவர், விளம்பரத்தை நம்பி ஒரு டிராக்டரை வாங்கி ஏமாந்தார். மினியாபொலிஸில் இருந்த ஒரு நிறுவனம், ஹென்றி ஃபோர்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் 'ஃபோர்டு' என்று பெயர் சூட்டி விற்ற டிராக்டர் அது. அவர் சட்டமன்ற உறுப்பினரானபோது, சோதனைக்கு உட்படாத டிராக்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது என்ற சட்டம் 1919இல் நிறைவேறியது. 1920 முதல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் டிராக்டர்களை ஓட்டிப் பார்த்து உண்மைத் திறனை அச்சிட்டுவருகிறது. பொய்ச் சரக்கைப் பிடிக்க உழவர் ஒருவர் கட்டிய அந்தக் கட்டளைக்கல்லில் முதலில் உரைத்துப் பார்த்தது இழுவையையும் பட்டைச் சக்கரத் திறனையும்தான். எண்ணெயின் அளவுகள் அந்த அறிக்கையில் பின்னாளில் இடம்பிடித்தன. பெரும் அழுத்தம் எவ்வளவு, தடையில்லாதபோது ஓட்டம் எவ்வளவு, திறன் உச்சத்தில் இருக்கும்போது ஓட்டம் எவ்வளவு என்று இப்போது தனித்தனியே தருகிறார்கள். டிராக்டரின் நெற்றியில் எழுதியிருக்கும் குதிரைத்திறனைவிட, அந்த மூன்றாவது எண்ணே பெரிய விதைப்பான் வாங்குகிறவருக்கு உற்ற துணை. எனினும் விற்பனைக் கடையில் உரத்துச் சொல்லப்படுவது என்னவோ முதலாவதுதான்.

ஃபெர்குசன் 1960 அக்டோபரில் காலமானார். டிராக்டரும் கருவியும் ஒரே இயந்திரம் என்ற அவருடைய நம்பிக்கை சரியா, எதை வேண்டுமானாலும் எதனோடும் மாட்டலாம் என்ற பொது அளவுகளின் நியாயம் சரியா என்று கேட்டால், நாம் பின்னதன் பக்கமே நிற்போம். இரவல் கொடுக்க முடியாத கருவி பாதிக் கருவிதான். ஆனால் அந்தச் சுதந்திரம் உழவரை எண்ணெய்க் கணக்கராகவும் ஆக்கிவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் விதைத்தட்டுகளைச் சிறு மின்மோட்டார்கள் சுழற்றத் தொடங்கியிருக்கின்றன. எண்ணெயின் சுமை குறையும் என்றார்கள். சில விதைப்பான்களில் அந்த மின்சாரத்தை உண்டாக்கும் கருவியைச் சுழற்றுவதே ஓர் எண்ணெய் மோட்டார்.

எண்ணெய் போதாத பழைய டிராக்டரை வைத்துக்கொண்டு புதிய விதைப்பானை ஓட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் தனியாக ஒரு பம்பைப் பொருத்துகிறார்கள். விதைப்பானிலேயே ஓர் எண்ணெய்த் தொட்டி, வெப்பம் தணிக்க ஒரு குளிர்விப்பான், விசிறிக்குத் தனிச் சுற்று. டிராக்டரின் எண்ணெய் தூக்குவதையும் மடக்குவதையும் மட்டும் கவனித்துக்கொள்கிறது. விசிறியின் எண்ணெயும் டிராக்டரின் எண்ணெயும் எங்கும் கலப்பதில்லை.